நேரத்துக்குக் கிளம்பிய விமானம்

விமான நிலையத்தில் அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். விமானத்தின் கதவுக்கு ஏணி வண்டியைக் கொண்டுபோய்ப் பொருத்துகிற வேலை, அதனால் வந்த பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஆள் குட்டை. தோள் மட்டும் அகலம். கையைக் கேட்கவே வேண்டாம், உலக்கைக்கு விரல் முளைத்த மாதிரி. அந்தக் கையால் அடி வாங்கினவர்கள் அந்த நிலையத்திலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. பெண்பிள்ளையிடம் அடி வாங்கினேன் என்று எவன் சொல்லிக்கொள்வான்?

அடி அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீர். அவள் அப்பா, வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பெல்ட்டைக் கழற்றுகிற மனுஷன். அம்மா தாங்கின மட்டும் தாங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சினது இவளும் தம்பியும். தம்பி அப்போது மேசைக்கடியில் நின்றால் தலை முட்டாத உயரம். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவனை மேசைக்கடியில் தள்ளிவிட்டு இவள் முன்னால் நிற்பாள். அவனுக்கு வருவதும் சேர்த்து இவள் முதுகில்தான் விழும். பெரியவளாகிக்கொண்டு வந்த காலத்தில் ஒரு நாள், சுழன்று வந்த பெல்ட்டைக் கையில் பிடித்து, மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, வெடுக்கென்று இழுத்தாள். அப்பா மேசை விளிம்பில் போய் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் பெல்ட் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

கட்டிக்கொண்டவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரே ஒரு தடவை கை ஓங்கினான். ஓங்கின கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாள். கட்டுப் போட்ட கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவளுக்கு அதில் பாதிதான் சம்மதம். அடி உதவும், சரி. தம்பி உதவுகிறானோ இல்லையோ, தம்பிக்கு உதவத்தான் தனக்குக் கை முளைத்தது என்று நினைப்பவள் அவள்.

லாரி ஷெட்டில் வண்டி ஓட்டக் கற்றவளை உள்நாட்டு விமானக் கம்பெனி ஒன்று ஏணி வண்டிக்கு எடுத்துக்கொண்டது. பின்னாலேயே தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்து அங்கே சாமான் ஏற்றுகிற வேலையில் சேர்த்துவிட்டாள். அவனுக்கு அப்போது மீசை வந்துவிட்டது. அவளுக்கு அது கண்ணில் படவில்லை. அவன் கழற்றிப் போடுகிற சட்டையை எடுத்து மடிப்பாள், உதறிவிட்டுப் போன செருப்பை ஜோடி சேர்த்து வைப்பாள், பாதி குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள். "என் சாமானத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது" என்று அவன் கத்துவான். பிடரியில் ஒன்று போட்டுவிட்டு அடுத்த சாமானை எடுத்து வைப்பாள். சொன்னால் கேட்கிற பிறவியா அது.

கம்பெனி கதை இன்னொரு கதை. நாட்டுக்குள்ளே பறக்கிற கம்பெனிகள் நாலு இருந்தன. நாலும் ஒன்றை ஒன்று கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. ஒருத்தன் டிக்கெட் விலையைக் குறைத்தால் அடுத்தவன் அதற்குக் கீழே இறங்குவான்; கடைசியில் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசுக்கு விமானத்தில் போகலாம் என்று ஆகிவிட்டது. ஏறுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவர்கள் எல்லோரும் கொடுத்த காசைச் சேர்த்தாலும் எண்ணெய்க்கே காணவில்லை. பறக்காமல் நிறுத்திவைக்கலாம் என்றால் விமானமே வாடகை விமானம், வாடகை நிற்குமா? ஓட்டினாலும் நட்டம், நிறுத்தினாலும் நட்டம். புலிவாலைப் பிடித்த கதை.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிற மாதிரி கம்பெனி தேய்ந்தது. முதலில் சம்பளம் தள்ளிப் போனது. அப்புறம் சாமான் ஏற்றுகிறவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பாதி இரண்டு மடங்கு சுமந்தது. ஒரு விமானத்தை ஓரமாக நிறுத்தி, அதன் உறுப்பைக் கழற்றி மற்ற விமானங்களுக்குப் போட்டார்கள். இன்ஜின் போனது, சக்கரம் போனது, பல்பு கூடப் போனது. பருந்து கொத்தின மாடு மாதிரி அது வேலியோரம் நின்றது. எண்ணெய்க்காரன், காசு கைக்கு வந்தால்தான் குழாயைத் திறப்பேன் என்றுவிட்டான்.

விமானம் கிளம்பாவிட்டால் அடி யாருக்கு? மேலே மாடியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கா? கவுண்டரில் நிற்கிற பெண்ணுக்குத்தான். ஒரு நாள் விமானம் ரத்து என்று சொன்ன வாய் மூடுவதற்குள் ஒருவன் கைபேசியை வீசி அவள் உதட்டைக் கிழித்தான். இன்னொரு நாள் நாற்காலிகள் பறந்தன, கண்ணாடி நொறுங்கியது, பெட்டி தள்ளுகிற கிழவரைத் தரையில் போட்டு மிதித்தார்கள். சீருடை போட்டவர்களை எவனும் அடிக்கலாம் என்று ஊரில் எழுதாத சட்டம் ஒன்று வந்துவிட்டது. ஏணி அன்று ஓடிவந்து இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாள். அதற்குத்தான் அவளுக்கு ஒரு வார இடைநீக்கம் கிடைத்தது. மிதித்தவர்களுக்கு டிக்கெட் காசு திரும்பக் கிடைத்தது.

இந்த நிலைமையில்தான் கம்பெனியை வாங்க ஆள் வருகிறது என்று பேச்சு அடிபட்டது. வாங்க வருகிறவர்கள் இரண்டு விஷயம் பார்ப்பார்களாம்: இருக்கை எத்தனை நிறைகிறது, விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறதா. இருக்கையை மலிவு விலையில் நிறைத்துவிட்டார்கள். நேரத்துக்கு என்று தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிற ஆள். நேரக்காரர் என்று பெயர் விழுந்தது.

நேரக்காரர் ஒரு வித்தை வைத்திருந்தார். விமானம் கிளம்பிய நேரம் என்று கணக்கில் ஏறுவது அது வானத்தில் ஏறுகிற நேரம் இல்லை. கதவைச் சாத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து, விமானம் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் கிளம்பியாயிற்று. அதனால் எண்ணெய் வந்ததா, பழுது தீர்ந்ததா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. ஆட்களை ஏற்று, கதவைச் சாத்து, டிராக்டரை வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் ஓரமாக நிறுத்து. கணக்கு சுத்தம். உள்ளே இருக்கிறவர்கள் வேகட்டும்.

சாமான் ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. அதில் நேரக்காரர் கூடக் கை வைக்கவில்லை. விமானத்தின் வயிற்றுப் பக்கம் சாமான் அறை. நிமிர்ந்து நிற்க முடியாது. தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். கீழே நிற்கிற கன்வேயர் வண்டி பெட்டிகளை மேலே ஏற்றும், உள்ளே இருக்கிறவன் வாங்கி அடுக்குவான். உள்ளே போகிறவன் தன் தொப்பியைக் கழற்றிக் கன்வேயர் வண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்தால் எடுத்துப் போட்டுக்கொள்வான். கொக்கியில் தொப்பி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். சாமான்காரர்களின் மேஸ்திரி கொக்கியைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். தாய் பிள்ளையானாலும் அடுத்தவன் தொப்பியைத் தொடமாட்டார்கள்.

வாங்க வந்தவர்கள் மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த நாள் அது. உச்சி வெயில். தரை தோசைக்கல் மாதிரி கொதித்தது. இருக்கை நிறைய ஆள் ஏறிவிட்டார்கள். சாமான் அறைக்குள் தம்பி மட்டும் இருந்தான். மற்றவர்களை அடுத்த விமானத்துக்கு விரட்டிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற விமானம் இன்ஜினைக் கிளப்பியது. அது கிளப்பிய காற்றில் தம்பியின் தொப்பி கொக்கியை விட்டுப் பறந்து தரையில் உருண்டது. ஏணி ஓடிப்போய் அதைக் காலால் மிதித்து நிறுத்தி எடுத்தாள். தூசியைத் தட்டினாள். தன் வண்டிக்குள் இருக்கையில் போட்டாள்.

அவன் உள்ளே இருக்கிறான் என்று அவள் மண்டைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அவன் கீழே போட்டதை எடுத்து வைத்தே பழகின கை. கொக்கியில் திரும்ப மாட்டியிருப்பாளோ என்னவோ, அதற்குள் நேரக்காரர் விசில் அடித்தார். ஏணியை எடு, ஏணியை எடு என்று கத்தினார். அவள் வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தாள். மேஸ்திரி கொக்கியைப் பார்த்தார். காலி. அறைக்குள் எட்டிப் பார்த்தார். கூரைவரை பெட்டி, பல்பு எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது. இருட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் வலையைக் கட்டிக்கொண்டிருந்தவன் தெரியவில்லை. பக்கத்து இன்ஜின் சத்தத்தில் அவர் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்காது. சாத்தினார். கட்டையை எடுத்தார்கள். டிராக்டர் விமானத்தைத் தள்ளிக்கொண்டுபோய் மைதானத்தின் ஓரத்தில் விட்டுவிட்டு வந்தது. மாடிக்குத் தகவல் போனது: நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

எண்ணெய் வண்டி வரவில்லை. அந்த விமானத்தின் வாலில் இருக்க வேண்டிய சின்ன இன்ஜினைக் கழற்றி வேறொன்றுக்குப் போட்டிருந்தார்கள். அது இல்லாமல் தரையில் நிற்கும்போது உள்ளே குளிர்காற்று கிடையாது. மூடின பானைக்குள் ஆட்களைப் போட்டு வெயிலில் வைத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. ஜன்னலைத் தட்டினார்கள், சுவரைத் தட்டினார்கள், தரையை உதைத்தார்கள். மைதானத்தின் இந்தப் பக்கம்வரை கேட்டது. தட்டுகிறவர்களில் ஒருவன் கீழே, வயிற்றுக்குள்ளிருந்து தட்டினான் என்பதை அந்தச் சத்தத்தில் யார் பிரித்துக் கேட்பது?

ஏணி நிழலில் வண்டியை நிறுத்தி, டிபன் பாக்ஸைப் பிரித்து, தம்பிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டு தொப்பியைக் கையில் எடுத்தபடி சாமான்காரர்களின் அறைக்குப் போனாள். அங்கேயும் இல்லை. மேஸ்திரி ஒரு மூலையில் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"எங்க அவன்? சாப்பிட வரல."

"உன் தம்பிய நான் மடியிலயா கட்டி வச்சிருக்கேன்? எங்கயாச்சும்…" என்று தலையைத் தூக்கினவர் அவள் கையைப் பார்த்தார். மெல்லுவது நின்றது. "அது யாரு தொப்பி?"

"அவனோடதுதான். காத்துல பறந்துச்சு. எடுத்து வச்சேன்."

"எப்ப?"

தொப்பியைப் பார்த்தாள்.

"ஏணி," என்றார் மேஸ்திரி, குரல் உள்ளே போய்விட்டது. "கொக்கில தொப்பி இல்ல. இல்லன்னுதானே நான் சாத்துனேன்."

அவளுக்குக் காதுக்குள் பெல்ட் சுழலுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு வருஷம் கழித்து. டிபன் பாக்ஸ் எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினாள்.

நேரக்காரர் ஷெட்டின் வாசலில் வாக்கி டாக்கியோடு நின்றிருந்தார். அப்போதுதான் எண்ணெய் வண்டி நுழைந்து விமானத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் ஏறினால் விமானமும் ஏறிவிடும். மேலே போனால் அந்த அறையில் குளிர் எலும்பைக் கடிக்கும். மூச்சுவிடக் காற்று போதுமோ போதாதோ, ஆளை வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"சார், சாமான் ரூம்ல ஆள் மாட்டிக்கிட்டான். என் தம்பி. கேப்டன்கிட்ட சொல்லுங்க, நான் வண்டியக் கொண்டு போறேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. "அந்த ஃப்ளைட் போயாச்சும்மா."

"கண்ணு முன்னாடி நிக்குது சார்."

"நிக்குது. ஆனா போயாச்சு." மாடிக் கண்ணாடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். அவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. இன்றைக்கு ஒரு விமானம் திரும்பி வந்தது என்று தெரிந்தால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆயிரம் குடும்பத்தின் அடுப்பு அணையும். அதில் அவள் அடுப்பும் ஒன்று. உன் தம்பி எங்கேயாவது நிழலில் படுத்துத் தூங்குவான், நன்றாகத் தேடு என்றார்.

அவள் வாக்கி டாக்கியைப் பிடித்தாள். அவர் விடவில்லை. இரண்டு பேரும் அதை இழுத்தார்கள். அவர் மற்றக் கையால் அவள் கன்னத்தில் அறைந்தார். பாவம், ஆள் தெரியாமல் அறைந்துவிட்டார். அவள் திருப்பிக் கொடுத்தது ஒன்றுதான். மூக்கெலும்பு நொறுங்குகிற சத்தம் ஷெட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டதாம். அவர் மல்லாந்து விழுந்தார், வாக்கி டாக்கி கான்கிரீட்டில் விழுந்து உடைந்தது. கேப்டனுக்குச் சொல்ல இருந்த ஒரே வழியும் போனது.

அவள் ஏணி வண்டியில் ஏறி மிதித்தாள். அது வேகமாக ஓடுவதற்குச் செய்த வண்டியா? படியெல்லாம் தடதடவென்று ஆட, குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு ஓடியது. காவல் ஜீப் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அவள் ஒதுங்கவில்லை. இடித்த இடியில் ஜீப்பின் பின்பக்கம் நசுங்கி, அரைச் சுற்று சுற்றி விலகியது. அதிலிருந்த காவல்காரர் கண்ணாடியில் முகத்தை மோதிக்கொண்டு ரத்தத்தோடு இறங்கி ஓடிவந்தார். எண்ணெய் வண்டிக்காரர் நடப்பதைப் பார்த்துவிட்டு, குழாயைப் பிடுங்கிக்கொண்டு வண்டியோடு ஓடிவிட்டார். தீப்பிடிக்கிற சாமான் பக்கத்தில் அடிதடி நடந்தால் நிற்கமாட்டேன் என்று அவர் அப்புறம் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

விமானத்துக்குள் இருந்தவர்கள் ஏணி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். உயிர் வந்தது அவர்களுக்கு. ஆனால் ஏணி அவர்கள் கதவுக்கு வரவில்லை. கதவைத் தாண்டி, வயிற்றுப் பக்கம் போய் நின்றது. வேண்டுமென்றே ஏணியைக் காட்டிவிட்டு எடுத்துப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். வெந்துபோயிருந்த ஜனம். யாரோ பணிப்பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான். ரப்பர் சறுக்குப் பலகை விரிந்து விழுந்தது. ஒருவர் மேல் ஒருவராக உருண்டு வந்து நேராக அவளிடம் பாய்ந்தார்கள்.

அவள் அப்போது வண்டியின் கூரைமேல் ஏறி, எட்டி, சாமான் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். கீழேயிருந்து ஒருவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். உதைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அவன் பின்னால் போனான். இன்னொருவன் ஏறி வந்து முதுகில் குத்தினான். பழகின முதுகு, அது அசையவில்லை. தலைமுடி கலைந்த ஓர் அம்மாள் அவள் சீருடையைப் பிடித்துக் கிழித்துக்கொண்டே, "என் புருஷன் உள்ள மயங்கிக் கெடக்காருடி, பாவி" என்று அழுதாள். உள்ளே ஆள் இருக்கான், உள்ளே ஆள் இருக்கான் என்று ஏணி கத்தினாள். உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? எல்லோரும் அங்கிருந்துதானே வந்தார்கள். இன்னும் கோபமாக அடித்தார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து புருவத்தைக் கிழித்தது. ஒரு கண்ணில் ரத்தம் வழிந்து மறைத்தது.

அதற்குள் மேஸ்திரி கன்வேயர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை. ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டையைச் சுழற்றினார். ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்கு விலா. அவர் தலையிலும் யாரோ பெட்டியால் போட்டான். மண்டை பிளந்து காதோரம் ஒழுகியது. ஒழுக ஒழுக நின்றார். கூட்டம் ஒரு மூச்சு தயங்கியது. அந்த மூச்சில் அவள் கைப்பிடியைத் திருகிக் கதவை உள்ளே தள்ளினாள்.

முதலில் சூடு வந்தது. அப்புறம் பெட்டிகள் சரிந்து அவள் மேல் விழுந்தன. அவள் அவற்றைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். யார் பெட்டி, எது உடைந்தது என்றெல்லாம் பார்க்கவில்லை. பெட்டிகளுக்கு நடுவே ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டு, இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நகங்கள் இல்லை, இருந்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பிடித்து இழுத்தாள்.

அவன் பிணமாக வரவில்லை, அடித்துக்கொண்டு வந்தான். இருட்டிலிருந்து வந்த கண்ணுக்கு வெளிச்சத்தில் அக்கா தெரியவில்லை, யாரோ ஒரு ஆள்தான் தெரிந்தது. நல்ல கையை மடக்கி அவள் வாயிலேயே விட்டான். முன்பல் ஒன்று போனது. இன்னொன்று விட்டான். அவள் தடுக்கவில்லை. அப்பாவின் பெல்ட்டைப் பிடித்த நாளுக்கப்புறம் முதல் தடவையாகத் தடுக்காமல் வாங்கினாள். அவனை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு கன்வேயர் பட்டையில் விழுந்து, இரண்டு பேரும் உருண்டு தரைக்கு வந்தார்கள்.

கூட்டத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஓங்கின கைகள் எல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கின. சீருடையைக் கிழித்த அம்மாளே தன் பாட்டிலிலிருந்து கடைசிச் சொட்டுத் தண்ணீரை அவன் வாயில் விட்டாள்.

தண்ணீர் உள்ளே போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "என் தொப்பிய யாரு எடுத்தது?"

மேஸ்திரி காதோர ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "காத்துடா" என்றார். "காத்து அடிச்சிட்டுப் போயிருச்சு."

அதோடு விட்டிருக்கலாம். விட அவளுக்குத் தெரியாது. வாயிலிருந்த பல்லைத் துப்பினாள்.

"காத்து இல்ல. நான்தான் எடுத்தேன்."

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆம்புலன்ஸ் வந்து கதவைச் சாத்தப் போனபோது, சாத்தாதே சாத்தாதே என்று அலறினான். கதவைத் திறந்துவைத்தபடியே கொண்டுபோனார்கள்.

மாடியில் இருந்தவர்கள் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். அன்றைக்கே எழுந்து போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் கம்பெனி படுத்தது. ஏணி காவல் நிலையத்தில் இருந்துவிட்டு வந்தாள். நேரக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் நிறைய இருந்ததால் மூக்கு வழக்கு நெடுநாள் இழுக்கவில்லை. ஆனால் ஊர் சும்மா விடுமா? உன்னால்தான் வேலை போனது என்று சாமான்காரர்களின் பெண்டாட்டிகள் வாசலில் வந்து காறித் துப்பினார்கள். ஒரு கல் ஜன்னலை உடைத்தது. உதடு கிழிந்த கவுண்டர் பெண் மட்டும் வந்து உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக் கொடுத்தாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், நான் ஒரு கதவைத் திறந்தேனா, கம்பெனியைக் கவிழ்த்தேனா என்று ஏணி வாசலில் நின்றே கேட்டாள். ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மூடுகிற கம்பெனியின் கடைசிக் கணக்கு வெளியே வந்தபோது அந்த மாதம் நேரத்துக்குக் கிளம்பிய விமானங்களில் அந்த விமானமும் இருந்தது. திரும்பி வரவே இல்லையே, அதனால் கிளம்பினது கிளம்பினதுதான். மேஸ்திரி தையல் பிரிகிற அளவுக்குச் சிரித்தார்.

வீட்டில் சிரிப்பு இல்லை. தம்பி தன் அறைக் கதவைக் கீலோடு கழற்றிக் கொல்லையில் சாய்த்துவிட்டான். குளியலறைக்கு ஒரு துணி தொங்கினது. அக்காவிடம் பேச்சு நின்றது. அவன் சட்டை கழற்றின இடத்தில் கிடக்கும், செருப்பு ஒன்று இங்கே ஒன்று அங்கே கிடக்கும். அவள் தொடமாட்டாள். கை துறுதுறுக்கும், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போவாள். வாங்கின அடியெல்லாம் சேர்த்தாலும் அதைப் போல வலித்ததில்லை.

மீதி மூன்று கம்பெனிகளில் ஒன்று இந்த வழித்தடத்தை எடுத்துக்கொண்டது. ஆளும் வண்டியும் மலிவாகக் கிடைத்தன. மேஸ்திரி போய்ப் பேசி, பழைய ஆட்களில் சிலரைச் சேர்த்துவிட்டார். ஏணிக்கு அதே ஏணி வண்டி, வேறு நிறம் அடித்து. தம்பி வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்தான். மணிக்கட்டு கோணலாகவே ஒட்டியிருந்தது.

முதல் விமானம் வந்து நின்றது. சாமான் அறைக் கதவு திறந்தது. உள்ளே இருட்டு. தம்பி கன்வேயர் வண்டியின் அடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பது போல நின்றார்கள். அவன் தொப்பியைக் கழற்றினான். கொக்கியைப் பார்த்தான். மாட்டவில்லை. நேராக ஏணி வண்டிக்கு நடந்து வந்து, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் தலையில் அதை வைத்து, காது மடங்குகிற அளவுக்கு இரண்டு கையாலும் அழுத்தினான்.

"கழட்டுன, கொன்னுருவேன்."

"போடா," என்றாள், பல் போன வாயால்.

அவன் தவழ்ந்து உள்ளே போனான். பெட்டிகள் ஏறின. புது அதிகாரி வந்து கடிகாரத்தைப் பார்த்தார், ஏணியை எடு என்றார். அவள் வண்டியை விட்டு இறங்கி, கன்வேயர் வண்டியின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. காது கேட்காதா உனக்கு என்று அவர் இன்னும் கிட்டே வந்தார். மேஸ்திரி அவர் சட்டைக் கையை மெதுவாகப் பிடித்து, "சார், அந்தம்மா கைக்கு எட்டாத தூரத்துல நில்லுங்க" என்றார்.

உள்ளே பெட்டி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.